காமிக்ஸ் கண்டவிடத்துப் புருவம் உயர்தல்: ஒரு வட்டார ஆய்வு

இளையோர் கையில் காமிக்ஸைக் கண்டதும் பெரியவர்களின் புருவம் ஏன் உயர்கிறது? தமிழாய்வுலகம் இதுகாறும் தீண்டாத இவ்வினாவுக்கு உகந்த களம் விழுப்புரம் சந்திப்பு. சென்னை, திருச்சி, மயிலாடுதுறை, புதுச்சேரி, காட்பாடி என ஐந்து திக்கில் தண்டவாளம் பிரியும் இடம். வண்டிக்குக் காத்திருப்பவர் படிப்பார். படிப்பவரைப் பக்கத்திலிருப்பவர் எட்டிப் பார்ப்பார். ஒப்பாய்வுக்குத் திண்டிவனம் பேருந்து நிலையம் கொள்ளப்பட்டது. (வெள்ளரிப்பிஞ்சு வாங்கித் தின்றபடி குறிப்பெடுத்ததால் அத்தரவுகள் சற்று உப்புக்கரிக்கும்.)

தொல்காப்பியரின் மெய்ப்பாட்டியலிலேயே இதற்கு விடை உண்டு. இளிவரல் என்னும் இழிவுணர்ச்சி பிறக்கும் நிலைக்களன்களில் அவர் முதலில் வைப்பது மூப்பு. பெருமிதத்துக்கு முதலில் வைப்பது கல்வி. ஆக, வயதும் பட்டமும் ஒருங்கே வாய்த்தவர் பையன் கையில் பொம்மைப் புத்தகத்தைப் பார்த்தால் இரண்டும் சேர்ந்து பொங்குவது இலக்கண விதி. அவர்மேல் குற்றமில்லை. உரையாசிரியர்கள் காமிக்ஸ் படித்திராமையால் இதை விளக்காது விட்டனர்.

இனி வரலாறு. 1972இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் வந்தது. அதன் இரும்புக்கை மாயாவி, பிரிட்டனின் வேலியன்ட் இதழில் 1962லேயே பிறந்தவர். மின்சாரம் பாய்ந்தால் உடல் மறையும், கை மட்டும் தெரியும். அவரைப் புவியியல் புத்தகத்துக்குள் ஒளித்துப் படித்தவர்களைக் கண்டித்தவர்கள், கல்கி இதழ்களிலிருந்து பொன்னியின் செல்வனைக் கிழித்துத் தைத்து வைத்திருந்தவர்கள். அந்த பைண்டிங் முழுக்க மணியம் வரைந்த படங்கள்தானே என்று கேட்ட பையன் அடி வாங்கியிருப்பான் எனத் துணியலாம்.

1984இல் சிக்கல் முற்றுகிறது. நாயகி மாடஸ்தியோடு லயன் காமிக்ஸும், ஜேம்ஸ்பாண்டோடு ராணி காமிக்ஸும் புறப்பட்டன. அதுவரை ஒன்றாக அடிவாங்கியவர்கள் தமக்குள் மேல் கீழ் பிரித்துக்கொண்டார்கள். லயன் படிப்பவன் ராணி படிப்பவனைப் பார்த்த பார்வையை எந்தத் தமிழாசிரியரும் பார்த்ததில்லை.

இது நம்மூர் நோய் மட்டுமல்ல. பிள்ளைகள் படிக்கும் இதழ்களைக் கட்டுப்படுத்தப் பிரான்ஸ் 1949இல் சட்டமே இயற்றிற்று. அமெரிக்காவில் 1954இல் ஃபிரெட்ரிக் வெர்தாம் என்ற மனநல மருத்துவர், காமிக்ஸ் பிள்ளைகளைக் கெடுக்கிறது என்று புத்தகம் எழுத, பதிப்பாளர்கள் தாங்களே தணிக்கை வைத்துக்கொண்டார்கள். விழுப்புரத்தில் அம்மாக்கள் எடைக்குப் போட்டார்கள். செலவில்லாத முறை, பேரீச்சம்பழமும் கிடைத்தது.

இன்று அதே நடைமேடையில் ஒரு கல்லூரிப் பையன் ஒன் பீஸ் என்ற ஜப்பானியக் காமிக்ஸ் வாசிக்கிறான். பக்கத்தில் ஐம்பதைத் தாண்டிய மாயாவி வாசகர்.

"என்ன தம்பி, பின்னாலேருந்து படிக்கிறே?"

"மங்கா, சார். வலமிருந்து இடமாத்தான் படிக்கணும்."

"என்னத்த மங்காவோ! காமிக்ஸுன்னா மாயாவிப்பா."

பழம் தின்ற ஒன் பீஸ் நாயகனின் உடம்பு ரப்பராக நீள்வது அவருக்கு அபத்தம். கரண்டில் கைவைத்தவன் மறைவது அறிவியல். புருவத்துக்கும் புத்தகத்தின் தரத்துக்கும் தொடர்பில்லை என்பதே ஆய்வு முடிபு. அவரவர் பத்து வயதில் படித்தது இலக்கியம், பிறகு வந்தது குப்பை.

பரணில் பழைய முத்து காமிக்ஸ் வைத்திருப்போர் எடைக்குப் போடுமுன் ஆய்வாளருக்குத் தெரிவிக்கவும். விலை பேசிக்கொள்ளலாம். மங்கா வேண்டாம்.