எலி மனிதனான பிறகு

எங்களைக் கெடுத்தது ஓர் எலி. ஹாரி பாட்டர் வரிசையின் முதல் இரண்டு புத்தகங்களில் ஹாரியின் நண்பன் ரானின் சட்டைப்பையில் தூங்கி வழிந்துகொண்டிருந்த ஸ்கேபர்ஸ், 1999-இல் வந்த மூன்றாவது புத்தகத்தில் திடீரென்று ஆளாக எழுந்து நின்றது. அதுவும் எப்பேர்ப்பட்ட ஆள்! ஹாரியின் பெற்றோரைக் காட்டிக்கொடுத்துவிட்டு, பன்னிரண்டு வருடம் ஒரு நல்ல குடும்பத்தில் ஓசிச் சோறு தின்றவன். முன்னங்காலில் ஒரு விரல் குறைகிறது என்பதுதான் துப்பாம். எலிக்கு விரல் எண்ணிப் பார்க்கிற வழக்கம் எங்கள் வீட்டில் யாருக்கும் கிடையாது.

அதோடு போயிற்று நிம்மதி. ஹாரியின் தோழி ஹெர்மயனியின் பூனை உண்மையில் யார்? வகுப்புத் தோழன் நெவிலின் தேரை அடிக்கடி காணாமல் போகிறதே, யாரைப் பார்த்துவிட்டு வருகிறது? கல்லூரி விடுதியில் இரவு பதினோரு மணிக்கு மேல் இதுதான் பேச்சு. தேரையைப் பற்றி இன்றுவரை எனக்கு முழுத் திருப்தி இல்லை.

என் அறை நண்பன் மதுரைக்காரன். பாடப்புத்தகத்தில் பெயர்கூட எழுதாதவன், ஹாரி பாட்டரில் மட்டும் பக்கத்துக்குப் பக்கம் பென்சிலால் கோடு போடுவான். 2003-இல் வந்த ஐந்தாவது புத்தகத்தின் முதல் அத்தியாயத்தில், ஹாரியின் பெரியம்மா மகன் டட்லியின் கும்பல் மார்க் எவன்ஸ் என்ற பத்து வயதுப் பையனை அடித்ததாக ஒரு பேச்சு வருகிறது. அவ்வளவுதான், பையன் மேடைக்கே வருவதில்லை. ஆனால் ஹாரியின் அம்மாவுடைய பிறந்த வீட்டுப் பெயரும் எவன்ஸ். ஹாக்வார்ட்ஸ் மந்திரப் பள்ளியில் சேரும் வயது பதினொன்று. பையனுக்குப் பத்து. நாடி ஜோசியர் முதல் எழுத்தைப் பிடித்துக்கொண்டு மூன்று ஜென்மத்தை எடுத்துவிடுவது போல, நண்பன் அந்தப் பெயரிலிருந்து ஏழாவது புத்தகத்தின் முடிவையே எடுத்துவிட்டான். ஹாரிக்கு இன்னொரு தாய்வழிச் சொந்தம் உண்டு, கடைசிப் போரில் அவன்தான் குறுக்கே வந்து விழப்போகிறான்.

உலகமெங்கும் நண்பனைப் போன்றவர்கள் இருந்திருக்க வேண்டும். 2004-இல் நூலாசிரியர் ரௌலிங் தன் இணையதளத்தில் மன்னிப்பே கேட்டார். மார்க் யாரும் இல்லை, எவன்ஸ் என்பது ஊரில் பலருக்கும் இருக்கிற பெயர் என்று விளக்கினார். நண்பன் அசரவில்லை. "சும்மா ஒரு பையன்னா எதுக்குடா இவ்வளவு விளக்கம்?"

அவனையும் குறை சொல்ல முடியாது. அதே ஐந்தாவது புத்தகத்தில் ஹாரியின் ஞானத்தந்தை சிரியஸ் பிளாக்கின் வீட்டைச் சுத்தம் செய்கிறபோது, தட்டுமுட்டுச் சாமான்களுக்கு நடுவே, யாராலும் திறக்க முடியாத ஒரு கனத்த லாக்கெட் ஒரே வரியில் வந்து போகும். 2005-இல் வந்த ஆறாவது புத்தகம், ஆர்.ஏ.பி. என்று யாரோ கையெழுத்திட்ட சீட்டுள்ள போலி லாக்கெட்டோடு முடிந்தது. உடனே ரசிகர்கள், அது சிரியஸின் தம்பி ரெகுலஸ் பிளாக் என்றார்கள், அசல் லாக்கெட் அந்தக் குப்பையில் கிடந்ததுதான் என்றார்கள். நடுவிலுள்ள ஏ-க்கு அப்போது ஆதாரமே இல்லை, அதைப் பற்றி யாரும் கவலைப்படவும் இல்லை. அத்தனையும் பலித்தது! ஒழித்துப்போட்ட சாமானில் வில்லனின் உயிரையே ஒளித்து வைத்த ஓர் எழுத்தாளர், ஒரு பையனை மட்டும் சும்மா எழுதினேன் என்றால் யார் நம்புவது?

ஆனால் அந்த ஆறாவது புத்தகத்தில் பெரிய வழக்கு தலைமையாசிரியர் டம்பிள்டோரின் சாவுதான். கொலைச் சாபம் பட்டவர்கள் நின்ற இடத்திலேயே சாய்வார்கள், இவரோ மேலே தூக்கி எறியப்பட்டு கோபுரத்திலிருந்து விழுகிறார். ஆகவே ஆசிரியர் ஸ்னேப் ஏவியது வேறு மந்திரம், கிழவர் உயிரோடு இருக்கிறார். நண்பன் மெக்கானிக்கல் படிக்கிறவன் என்பதால், அவர் விழுந்த பாதையைப் பரவளையமாக ரெக்கார்ட் நோட்டில் வரைந்தும் காட்டினான்.

2006 ஆகஸ்டில் நியூயார்க்கின் ரேடியோ சிட்டி அரங்கில் ரௌலிங், ஸ்டீபன் கிங், ஜான் இர்விங் மூவரும் கதை வாசித்தார்கள். கேள்வி நேரத்தில் மகனோடு எழுந்து நின்றவர் சல்மான் ருஷ்டி. ஸ்னேப் நல்லவர்தான், எனவே டம்பிள்டோரின் சாவு நாடகம் என்பது அவர்கள் கட்சி. டம்பிள்டோர் செத்தது செத்ததுதான் என்று ரௌலிங் சொல்லிவிட்டார். எங்கள் விடுதியில் அந்தப் பதில் எடுபடவில்லை, கேள்விதான் எடுபட்டது. "புக்கர் பரிசு வாங்கினவரே நம்ம பக்கம்டா!"

2007 ஜூலை 21. ஏழாவது புத்தகம் வந்தது. ஸ்னேப் நல்லவர், டம்பிள்டோர் இறந்தவர். ருஷ்டிக்கு ஐம்பது மதிப்பெண். நண்பன் மட்டும் தோல்வியை ஒப்பவில்லை. முப்பத்தைந்தாம் அத்தியாயத்தில், உயிருக்கும் சாவுக்கும் இடைப்பட்ட ஏதோ ஓரிடத்தில், டம்பிள்டோர் ஹாரியோடு சாவகாசமாக உட்கார்ந்து பேசுகிறார். அந்தப் பக்கத்தை என் மூக்கருகே நீட்டினான்: "செத்தவன் இவ்ளோ பேசுவானா?"

2015-இல் ரௌலிங்கிடம், ரசிகர் ஊகங்களில் எது பிடிக்கும் என்று ட்விட்டரில் யாரோ கேட்டார்கள். ஏழாவது புத்தகத்துக்குள் சொல்லப்படும் மூன்று சகோதரர் கதையில் வரும் மரணதேவன்தான் டம்பிள்டோர் என்கிற ஊகம் அழகானது, பொருந்தவும் செய்கிறது என்றார் அவர். அன்று இரவே மதுரையிலிருந்து போன். "நான் அப்பவே சொன்னேன்ல?" என்றான். சொல்லவேயில்லை. சரி, ரெண்டு பிள்ளைக்குத் தகப்பன், போகட்டும் என்று விட்டுவிட்டேன். வைக்கப் போகிற நேரத்தில் குரலைத் தாழ்த்தினான்.

"அந்தக் கதை நடக்கிறது தொண்ணூத்தஞ்சுல. அப்பப் பத்து வயசுன்னா, மார்க் எவன்ஸுக்கு இப்ப முப்பது. நல்ல வேலைக்குப் போயிருப்பான், இல்ல?"