சவுக்கில்லாத குதிரை

கேள்வி: 78 வயதான என் தகப்பனாருக்கு, அட்டெனலால் மாத்திரை ஆரம்பித்தபின், நாடி நிமிஷத்துக்கு 48 ஆகிவிட்டதே?

பதில்: அட்ரினலின் என்னும் வண்டிக்காரனிடமிருந்து சவுக்கைப் பிடுங்கி இருதயமென்னும் குதிரையை நிதானப்படுத்துவதே இம்மாத்திரையின் சுபாவம். சிறுநீரகத்தின் வழியே வெளியேறவேண்டிய அது, வயோதிகத்தில் அவ்வுறுப்பு சோம்பிவிட்டால், வாடகை தராத குடித்தனக்காரனைப்போல் சரீரத்திலேயே தங்கி, குதிரையை அடிக்கொரு தரம் நின்று யோசிக்கவைக்கும். போதாக்குறைக்கு, கண் அழுத்தத்துக்காக டிமோலால் சொட்டு விடுகிறாரா என்றும் பாருங்கள்; கண்ணில் விட்ட மருந்து மூக்கின் வழியே ரத்தத்தில் கலந்து அதே காரியத்தைச் செய்யும் என்பது, கண் வைத்தியரின் சீட்டை இருதய வைத்தியரிடம் காட்டாத நம்மவர் பலருக்குத் தெரியாது. இரண்டு சீட்டுகளோடும் இருதய வைத்தியரிடம் தாமதிக்காமல் போய், ஈ.ஸி.ஜி. எடுத்துவிடுங்கள்; மயக்கமோ மூச்சுத் திணறலோ இருந்தால் நேரே ஆஸ்பத்திரிதான். மாத்திரையை நீங்களாகவே திடீரென்று நிறுத்திவிடாதீர்கள். சவுக்கு திரும்பக் கிடைத்த வண்டிக்காரன் வட்டியும் சேர்த்து விளாசுவான்.