நாலு சக்கரத்தில் சம்சாரம்

உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற மனிதனுக்கு உலகத்தார் வழங்கும் புத்திமதிகளில், காலையில் நடப்பது, மாலையில் கோயிலுக்குப் போவது, இரவில் அரை வயிற்றோடு படுப்பது ஆகிய மூன்றும் செலவில்லாதவை. ஆகையால் அவற்றை நான் அவ்வளவாகப் பொருட்படுத்தவில்லை. அமெரிக்காவிலிருக்கும் என் மாப்பிள்ளை சொன்ன நாலாவது யோசனைதான் பணம் விழுங்கக்கூடியது. அதுவே மனத்தில் பசுமரத்தாணியாகப் பதிந்துவிட்டது.

அந்தத் தேசத்தில் வேலையை விட்ட தம்பதிகள் பலர், அடுப்பும் கட்டிலும் ஸ்நான அறையும் கூடிய மோட்டார் வண்டி ஒன்றை வாங்கி, அதிலேயே வாசம் செய்துகொண்டு, இஷ்டப்பட்ட இடத்தில் இரவைக் கழிக்கிறார்களாம். கென்டக்கி மாகாணத்தில் மம்மத் குகை என்று ஒன்று உண்டு. பூமிக்கடியில் 400 மைலுக்கு மேல் அளந்த பிறகும் அதற்கு முடிவு தென்படவில்லை. அதன் அருகே இத்தகைய வண்டிகளை நிறுத்திவிட்டு, பேரன் பேத்திகள் சூழக் கிழவர்கள் சாவகாசமாகச் சாய்ந்திருக்கும் படம் ஒன்றை மாப்பிள்ளை அனுப்பியிருந்தார். அவர்களில் ஒருவர்கூட வேட்டி கட்டியிருக்கவில்லை என்பதைத் தவிர, அந்தப் படத்தில் எனக்கு ஆட்சேபணை ஒன்றும் தோன்றவில்லை.

ஸ்ரீநகரில் புறப்பட்டுக் கன்னியாகுமரியில் முடியும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை எங்கள் ராசிபுரத்துப் பக்கமாகத்தான் போகிறது. முட்டை லாரிகளும், சமையல் வாயு டாங்கர்களும், கண்காணாத தேசங்களில் ஆழ்துளைக் கிணறு போடத் திருச்செங்கோட்டிலிருந்து கிளம்பும் ரிக் வண்டிகளும் இரவு பகலாக ஓடுவதைப் பார்த்து வளர்ந்தவனுக்கு, வாழ்நாளில் ஒரு முறையாவது சக்கரத்தின்மேல் பணம் போடாவிட்டால் ஜன்மம் சாபல்யமாகாது. அதற்கு வேண்டிய வித்வான்களும் பக்கத்திலேயே இருக்கிறார்கள். வெறும் எலும்புக்கூடாக வந்து சேரும் லாரி, நாமக்கல் பட்டறைகளில் தச்சனும் கொல்லனும் சித்திரக்காரனும் கைவைத்த பிறகே முகமும் முதுகும் பெறுகிறது. சில வருஷங்களுக்கு முன், பரமத்தி வேலூரைச் சேர்ந்த இளம் கட்டடக் கலைஞர் ஒருவர், ஆட்டோ ரிக்‌ஷாவின் மேலேயே 36 சதுர அடியில் படுக்கை, சமையலறை, குளியலறை எல்லாம் அமைத்து, ஏறத்தாழ 1 லட்ச ரூபாயில் வீடு கட்டி, தேசம் முழுவதும் பேச வைத்தார். மூன்று சக்கரத்தில் அவர் சாதித்ததை நாலு சக்கரத்தில் நான் சாதிக்கக் கூடாதா?

பழைய வேன் ஒன்றை வாங்கிக்கொண்டு பட்டறைக்குப் போனபோது மேஸ்திரி கேட்ட முதல் கேள்வி, “எத்தனை டன் லோடுங்க, வாத்தியாரே?” என்பதுதான். லோடு கிடையாது, நானும் என் சம்சாரமும் மட்டுமே என்று விளக்கினேன். அவருக்கு நம்பிக்கை வந்துகொண்டிருந்த வேளையில், என் மனைவி இடுப்பிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினாள். வெட் கிரைண்டர், இட்லிக் குண்டான், வெண்கலப் பானை, அரிவாள்மனை, தூக்குப்போசிகள், குலதெய்வத்தின் படம், துளசித் தொட்டி என்று இறங்கிக்கொண்டே போன அந்த ஜாபிதாவை நிதானமாகப் படித்து முடித்த மேஸ்திரி, காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, “அப்பக் கமான் பட்டை ரெண்டு கூடப் போட்டுறலாமுங்க” என்றார். அமெரிக்கன் வீட்டைத் துறந்து வண்டியில் ஏறுகிறான்; என் மனைவி வீட்டையே வண்டியில் ஏற்றினாள்.

வண்ணம் பூசும் விஷயத்தில் என் அபிப்பிராயத்தை யாரும் கேட்கவில்லை. வெள்ளையாக விட்டால் ஆம்புலன்ஸ் என்று ஒதுங்குவார்கள் என்ற காரணத்தைக் காட்டி, நெற்றியில் அம்மன் துணையும், முதுகில் இரண்டு மயில்களும், அவற்றின் நடுவே திருஷ்டிக்கு ஓர் அரக்க முகமும் எழுதிய சித்திரக்காரர், சக்கரத்துக்கு மேலே லாரி சம்பிரதாயப்படி ‘தினமும் என்னைக் கவனி’ என்று முடித்தார். அதை என் மனைவி இரண்டு முறை வாசித்துவிட்டு, “இதைப் போயி டயர் மேல எழுதியிருக்காங்களே, இது எங்கிட்ட இருக்க வேண்டியதுங்க” என்றாள். சித்திரக்காரர் தூரிகையைக் கழுவுவதில் முனைந்தார்.

வண்டி தயார்; மாப்பிள்ளை அனுப்பிய படத்தில் கண்டபடி அதை நிறுத்த இனிக் குகை வேண்டும். மம்மத் குகையைப் போன்றவை சுண்ணாம்புப் பாறையைத் தண்ணீர் யுகயுகமாகக் கரைத்ததனால் உண்டானவை. எங்கள் சேலம், நாமக்கல் பிரதேசத்துப் பாறையோ தண்ணீருக்கு அவ்வளவு எளிதில் மசிகிற ஜாதியல்ல. இங்கே குகை வேண்டுமானால் உளி வேண்டும், இல்லாவிட்டால் சித்தர் வேண்டும். உளியின் காரியத்தை நாமக்கல்லிலேயே தரிசித்தோம்: ஊர் நடுவே நிற்கும் ஒற்றைப் பாறையின் மேற்கே நரசிம்மருக்கும் கிழக்கே பள்ளிகொண்ட ரங்கநாதருக்கும், எட்டாம் நூற்றாண்டில் அதியமான் மரபினர் குடைந்த கோயில்கள். நரசிம்மரை நோக்கிக் கைகூப்பி நிற்கும் 18 அடி ஆஞ்சநேயருக்குக் கூரை கிடையாது. பக்தர்கள் அனைவரும் மெய்ம்மறந்து நிற்கும் அந்தச் சந்நிதியில், நம் வண்டியின் கூரை மழைக்குத் தாங்குமா என்று என் மனைவி என் காதருகில் விசாரித்தாள்.

சித்தர்களைத் தேடிக் கொல்லிமலைக்குப் புறப்பட்டோம். காரவள்ளியிலிருந்து மேலே போகும் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். வளைவுக்கு வளைவு எண் எழுதிப் பலகை நட்டிருக்கிறார்கள். எங்களுக்கு அந்தப் பலகைகள் தேவைப்படவில்லை. ஒவ்வொரு திருப்பத்திலும் முதுகுப்புறத்தில் ஏதேனும் ஒன்று உருண்டது, என் மனைவி திரும்பிப் பாராமலே, “அது குண்டானுங்க... இது சின்னத் தூக்குப்போசி... இப்ப விழுந்தது மூடி மட்டும்தான்” என்று நாதத்தைக் கொண்டே நிர்ணயம் செய்துகொண்டு வந்தாள். நாற்பதைத் தாண்டிய பிறகு விழுவதற்கு ஒன்றும் மிச்சமில்லாததால் பிரயாணம் சுகமாக இருந்தது.

அறப்பளீசுவரர் கோயிலுக்குப் போகும் வழியில், குடும்பங்கள் கூடாரமடித்துத் தங்கும் தோட்டம் ஒன்றில் வண்டியை நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை போட்டேன். இறங்குவதற்குள் சுற்றிலும் குழந்தைகள் கூட்டம். கேரவன் என்றால் உள்ளே நடிகர் இருப்பார் என்பது தமிழ்நாட்டுச் சிசுக்களுக்கும் தெரிந்த சாஸ்திரம். 1956-ல் சேலத்து மாடர்ன் தியேட்டர்ஸார் ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ என்று தமிழின் முதல் முழுநீள வண்ணப்படத்தை வெளியிட்டபோது, குகைக் கதவு திறந்தால் பொன்னும் மணியும் தெரிந்தனவென்று என் தகப்பனார் கடைசி வரையில் சொல்லிக்கொண்டிருந்தார். எங்கள் கதவு திறந்தபோது தெரிந்தது கிரைண்டர். அதற்குப் பின்னால் கையில் செம்பும் தோளில் துண்டுமாக நான். கூட்டத்தில் சற்று மௌனம் நிலவியது. “காமெடி நடிகரா இருக்கும்” என்று ஒரு பையன் சமாதானம் சொன்னான்.

மறுநாள் ஆகாய கங்கை அருவிக்கு இறங்கினோம். 1000-க்கு மேற்பட்ட படிகள். இறங்குவதற்குச் சித்தர் அருள் வேண்டியதில்லை, ஏறுவதற்குத்தான் வேண்டும். வழிகாட்டி ஒருவர் துணையுடன், கோரக்கரும் காலாங்கிநாதரும் தவம் செய்ததாகச் சொல்லப்படும் குகைகளில் ஒன்றை எட்டினோம். ஒரு மனிதன் உட்காரலாம், காலை மடக்கிக்கொண்டால் படுக்கலாம். அலமாரி, ஆணி, பரண் ஒன்றுமில்லை. சர்வசங்க பரித்தியாகம் என்று நான் மாணவர்களுக்கு வாயால் போதித்தது கண்ணெதிரே கல்லாக நிற்கக் கண்டு உருகிக்கொண்டிருக்கையில், என் மனைவி உள்ளே எட்டிப் பார்த்து, “ஏனுங்க, அடுப்பு எங்க வெச்சிருந்தாங்க?” என்றாள். காயகல்பம் உண்டவர்களுக்கு அடுப்பு எதற்கு என்றேன். அதற்கும் அரைக்க வேண்டாமா என்று அவள் கேட்டது நியாயமாகத்தான் பட்டது. மேலே ஏறி வந்து, ஆட்டுக்கால் போன்ற தோற்றமும் ஆட்டுக்கு ஒரு தீங்கும் செய்யாத சுபாவமும் உடைய முடவாட்டுக்கால் கிழங்கு சூப்பை ஆளுக்கு இரண்டு டம்ளர் குடித்த பிறகே பேச்சு வந்தது.

அன்றிரவு மழை. மலைமழைக்கு முன்னே நைலான் கூடாரங்கள் ஒவ்வொன்றாகச் சரணாகதி அடைந்தன. ஈரோட்டுக் குடும்பம் ஒன்று கைக்குழந்தையோடு எங்கள் கதவைத் தட்டியது, பிறகு ஆத்தூர்க்காரர்கள், பிறகு யாரென்றே தெரியாத ஒரு பாட்டி. துளசித் தொட்டியைக் கட்டிலுக்கடியில் தள்ளி, கிரைண்டர் மேல் ஒரு குழந்தையைப் படுக்க வைத்து, என்னை டிரைவர் ஆசனத்துக்கு மாற்றி, விடியுமுன் அத்தனை பேருக்கும் தோசைக்கு மாவு தயார் செய்துவிட்ட என் மனைவியின் முகத்தில், கல்யாணமான நாளிலிருந்து நான் காணாத பிரசன்னம் விளங்கிற்று.

நாலாவது தோசையை முடித்துக் கையைக் கழுவிய பாட்டி, வண்டியை மேலும் கீழும் பார்த்து, “வாடகை நாளுக்கு எவ்வளவு வாங்கறீங்க, கண்ணு?” என்று விசாரித்தார். மறுத்துச் சொல்ல நான் வாயைத் திறப்பதற்குள், என் மனைவி சற்றும் தயங்காமல் ஒரு தொகையைச் சொல்லி, டிரைவர் சாப்பாடு தனி என்று என்னைப் பார்த்தபடியே சேர்த்துக்கொண்டாள்.