பழைய நடை, புது நடை

போன ஆடியில் ஒரு புதன்கிழமை, கீரமங்கலத்துக்குப் பக்கத்தில் ஒரு மண்டபத்தில் பந்தியில் உட்கார்ந்து ஆட்டுக்கறி சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்து இலைக்காரர் நல்லி எலும்பை இலையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, "நீங்க யாருக்கு வந்திருக்கீக?" என்று கேட்டார். வாயில் கறி, சட்டைப் பையில் பத்திரிகை, பத்திரிகையில் பதினான்கு பெயர். யாருக்காக வந்தேன் என்பது எனக்கே சட்டென்று பிடிபடவில்லை. இடது கையால் பத்திரிகையை உருவிப் பார்த்துச் சொல்வதற்குள் அவர் ரசத்துக்குப் போய்விட்டார்.

நான் ஒன்றும் மண்டபம் மண்டபமாக நுழைந்து ஓசிச்சோறு சாப்பிடுகிற ஆள் இல்லை. முறையாக அழைப்பு வந்து, மொய் எழுதி, கம்ப்யூட்டர் ரசீதும் வாங்கிக்கொண்டுதான் இலைக்கு முன்னால் உட்கார்ந்தேன். ஆனாலும் யார் வீட்டுச் சோறு என்று தெரியாமல் தின்றுவிட்டு ஏப்பம் விட்டது உறுத்திக்கொண்டே இருந்தது.

மொய் விருந்து என்றதும் வெளியூர் நண்பர்கள் ‘சின்ன கவுண்டர்’ படத்தைச் சொல்வார்கள். 1992இல் வந்த அந்தப் படத்தில் ஊரே சாப்பிட்டுவிட்டு இலைக்கு அடியில் பணத்தை வைத்துவிட்டுப் போகும். பார்ப்பவர்களுக்குக் கண் கலங்கும். எங்கள் பக்கத்து ஆட்களுக்கு வயிறு கலங்கும். யார் எவ்வளவு வைத்தார் என்று எழுதாவிட்டால் நாளைக்கு எப்படித் திருப்பிச் செய்வது?

புதுக்கோட்டை மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில் கீரமங்கலம், வடகாடு, மாங்காடு, கொத்தமங்கலம், குளமங்கலம் என்று பூவும் பலாவும் தென்னையுமாக இருக்கிற ஊர்களில் ஆடியும் ஆவணியும் மொய் மாதங்கள். தஞ்சாவூர் மாவட்டத்துப் பேராவூரணியில் தொடங்கி எங்கள் பக்கம் பரவியது என்பார்கள். முறை சுலபம். ஐந்து வருடத்துக்கு ஒருதரம் நீங்கள் விருந்து வைக்கலாம். வந்தவர்கள் போட்ட பணத்தை, அவரவர் விருந்து வைக்கும்போது நீங்கள் திருப்பிப் போடவேண்டும். வட்டி கிடையாது, பத்திரம் கிடையாது, ஜாமீன் கிடையாது. அந்தப் பணத்தில் போர்வெல் போடுவார்கள், வீடு கட்டுவார்கள், பிள்ளையைப் படிக்கவைப்பார்கள்.

நுணுக்கம் ஒன்றே ஒன்றுதான். ஆயிரம் வாங்கியவர் ஆயிரத்து ஐநூறாகத் திருப்பினால், அந்த ஐநூறு ‘புதுநடை’. நடை தொடர்கிறது, உறவும் தொடர்கிறது. ஆயிரத்தை ஆயிரமாகவே திருப்பினால் கணக்கு முடிந்தது. எங்கள் ஊரில் ஒருவரோடு பகைத்துக்கொள்ளத் தெருவில் நின்று கத்த வேண்டியதில்லை. வாங்கியதை மட்டும் பைசா சுத்தமாகத் திருப்பிப் போட்டால் போதும். நாலு தலைமுறைக்குப் பேச்சுவார்த்தை இருக்காது.

என் ஐயா காலத்தில் இது ‘தேநீர் விருந்து’. கறி கிடையாது. வாசலில் ஒரு கீற்றுப் பந்தல், ஒரு டீ, ஒரு வடை, கொஞ்சம் காராபூந்தி. ஐந்து ரூபாய் போட்டவர் பெரிய மனிதர். ஐயாவின் மொய் நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. நாலு மூலையிலும் மஞ்சள், முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி. உள்ளே இருக்கும் பெயர்களைப் பார்த்தால் தபால்காரர் அழுதுவிடுவார். ‘மேலத்தோட்டம்’ 2 ரூபாய். ‘சைக்கிள்’ 5 ரூபாய். ‘குட்டை மச்சான்’ 3 ரூபாய். ‘குட்டை மச்சான் தம்பி (நெட்டை)’ 3 ரூபாய். இனிஷியல் இல்லை, ஊர் இல்லை. தேவைப்படவும் இல்லை. ஐயாவுக்கு நோட்டே தேவைப்படவில்லை என்பதுதான் உண்மை. யார் வந்தார் என்பது மட்டுமல்ல, யார் வரவில்லை, ஏன் வரவில்லை என்பதும் அவருக்குத் தெரியும். "அவன் மாடு கன்னு போட்டுருக்கும், நாளைக்கு வருவான்" என்பார். மறுநாள் அந்த ஆள் சீம்பாலோடு வந்து நிற்பார்.

1992இல் எங்கள் வீட்டு விருந்தில் நோட்டு என் கைக்கு வந்தது. எனக்குப் பதினோரு வயது. கையெழுத்து நன்றாக இருந்தது; அதைவிட, சம்பளம் கேட்கமாட்டேன். அப்போது மாவட்டம் முழுக்க அறிவொளி இயக்கம். முந்தைய வருடம் தொடங்கியது. ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்த நேரம். பெண்கள் ராத்திரி வகுப்பில் எழுதப் படிக்கவும், பகலில் சைக்கிள் ஓட்டவும் கற்றுக்கொண்டிருந்தார்கள். என் அயித்தை இரண்டையும் ஒரே மாதத்தில் கற்றுக்கொண்டு, இரண்டிலும் ஒரே மாதிரி விழுந்து எழுந்துகொண்டிருந்தது.

மொய் மேசைக்கு வந்த அயித்தை என் கையிலிருந்த பேனாவைப் பிடுங்கியது. "தள்ளுடா, என் பேரை நானே எழுதிக்கிறேன்." குனிந்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, எழுத்து எழுத்தாகச் செதுக்கியது. நடுவில் ஒரு துணைக்கால் மறந்துபோய், திரும்ப வந்து சொருகியது. பின்னால் முப்பது பேர் நின்றார்கள். ஒருவரும் முணுமுணுக்கவில்லை. "அவசரமில்ல, நிதானமா எழுதும்மா" என்றார் ஒரு பெரியவர். எழுதி முடித்ததும் வரிசையே கைதட்டியது. இரண்டு வரியில் எழுதவேண்டிய பெயர் நோட்டில் ஒரு முழுப் பக்கத்தைப் பிடித்திருந்தது.

அதே விருந்தில்தான் திடீரென்று மழை பிடித்துக்கொண்டது. ரோட்டில் போன ஒருவர் எங்கள் பந்தலுக்குள் ஒதுங்கினார். யாரென்று யாருக்கும் தெரியவில்லை. டீயும் வடையும் கொடுத்தார்கள். குடித்துவிட்டு, மேசைக்கு வந்து ஐந்து ரூபாயை நீட்டினார். பெயரைக் கேட்டு நிமிர்வதற்குள் மழை விட்டுவிட்டது, அவரும் போய்விட்டார். "என்னய்யா எழுதுறது?" என்று கேட்டேன். "மழைக்கு ஒதுங்கினவருன்னு எழுதுடா" என்றார் ஐயா. எழுதினேன்.

பிறகு டீ போய்க் கறி வந்தது. கறிச் செலவு கட்டுப்படியாகாமல் நாலு பேர் சேர்ந்து ஒரே பந்தலில் வைத்தார்கள். நாலு பத்தாகி, பத்து இருபதானது. ஆளுக்கொரு மேசை, ஆளுக்கொரு சில்வர் பாத்திரம், மேசைக்கு மேலே பெயர் போட்ட ஃபிளெக்ஸ். எழுத ஒருவர், எண்ண ஒருவர், பாத்திரத்தைக் கண் எடுக்காமல் பார்த்துக்கொள்ள மாப்பிள்ளை முறையில் ஒருவர். 2019இல் வடகாட்டில் ஒரு விவசாயி வைத்த விருந்தில் 4 கோடி ரூபாய் வந்தது என்றும், வங்கிக்காரர்களே எண்ணும் மெஷினோடு வந்து உட்கார்ந்தார்கள் என்றும் பத்திரிகைகள் எழுதின. 2022இல் பேராவூரணி எம்.எல்.ஏ. வைத்த விருந்தில் 10 கோடி என்று செய்தி வந்தது. கேரளத்தில் கோழிக்கோடு மாவட்டம் வடகரை, நாதாபுரம் பக்கம் ‘பணப்பயற்று’ என்று இதே வழக்கம் உண்டு. அங்கே டீயும் பலகாரமும்தான். நாம்தான் ஆட்டை உள்ளே விட்டுக் காரியத்தைப் பெரிதாக்கிவிட்டோம் என்பது என் கட்சி.

ஆள் பெருத்ததும் என்ன ஆயிற்று? 2014இல் பள்ளிக்கூடத்தில் என்னோடு படித்த பூக்கடைக்காரன் பன்னிரண்டு பேரோடு சேர்ந்து விருந்து வைத்தான். போனேன். கூட்டம் நெட்டித் தள்ளியது. அவன் பெயர் போட்ட ஃபிளெக்ஸைத் தேடிப் பிடித்து இரண்டாயிரம் ரூபாய் எழுதிவிட்டு, சாப்பிட்டுவிட்டு, அவன் முகத்தைக்கூடப் பார்க்க முடியாமல் பஸ் ஏறினேன். பன்னிரண்டு பேரில் அதே பெயரில் இன்னொருவரும் இருந்தார் என்பதும், நான் எழுதியது அவர் மேசையில் என்பதும் எனக்குத் தெரியாது. அவர் பக்கத்து ஊரில் போர்வெல் வண்டி வைத்திருப்பவர். அவரை நான் பார்த்ததே இல்லை. இருவர் பெயரையும் இங்கே சொல்லவில்லை. பத்திரிகை படிக்கும் கெட்ட பழக்கம் இருவருக்கும் உண்டு.

பூக்கடைக்காரன் ராத்திரி நோட்டைப் புரட்டியிருக்கிறான். என் பெயர் இல்லை. மூன்று வருடம் என்னைக் கண்டால் மல்லிகைக் கூடைக்குள் தலையை விட்டுக்கொண்டான். எனக்குக் காரணம் புரியவில்லை. வியாபாரம் சரியில்லை போல என்று நினைத்துக்கொண்டேன்.

2017 ஆவணியில் என் முறை வந்தது. ஒன்பது பேர் சேர்ந்து வைத்தோம். தொகையைக் கேட்காதீர்கள், டீக்கடையில் ஒன்றுக்கு இரண்டாகச் சொல்லியிருப்பார்கள், அதுவே இருக்கட்டும். வாசலில் நின்று கும்பிட்டுக் கும்பிட்டு மத்தியானத்துக்கு மேல் கை தானாகவே குவிந்தது. ஐஸ்கிரீம் வண்டிக்காரனையும் கும்பிட்டு, "சாப்பிட்டுத்தான் போகணும்" என்றேன். பத்துப் பேரில் ஏழு பேர் யாரென்று தெரியவில்லை. எல்லோரையும் "வாங்க மாமா" என்று கூப்பிட்டு ஒப்பேற்றினேன். என்னைவிடப் பத்து வயது இளைய ஒருவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "வர்றேன் மாப்ள" என்றார்.

அப்போதுதான் போர்வெல்காரர் மூவாயிரம் ரூபாயோடு வந்தார். இரண்டாயிரம் பழைய நடை, ஆயிரம் புதுநடை. எழுதிவிட்டு நேராக என்னிடம் வந்தார். "தப்பா நினைக்காதீக. நீங்க எங்களுக்கு என்ன முறை ஆகணும்? எங்க வீட்டுக்காரி என் பக்கத்து ஆளுங்குது. நான் அவ பக்கத்து ஆளுன்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன். மூணு வருசமா ரெண்டு பேரும் கேக்கக் கூச்சப்பட்டுக்கிட்டு இருந்துட்டோம்." நின்ற இடத்திலேயே கணக்குப் போட்டுப் பார்த்தோம். ஃபிளெக்ஸ் வரை வந்ததும் இருவரும் சிரித்துவிட்டோம். மூவாயிரத்தைத் திருப்பித் தருகிறேன் என்றேன். "எழுதியாச்சுல்ல, நடை நடைதான்" என்று சொல்லிவிட்டுப் பந்திக்குப் போனார். பூக்கடைக்காரன் வரவில்லை. மறுநாள் நானே போய் விஷயத்தைச் சொன்னேன். கூடைக்குள்ளிருந்து தலை வெளியே வந்தது.

அடுத்த வருடம் நவம்பர் 16, கஜா புயல். ஒரே ராத்திரியில் எங்கள் பக்கத்துத் தென்னையெல்லாம் படுத்துவிட்டது. வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. மோட்டார் ஓடாது, குடிக்கத் தண்ணீர் இல்லை. வாடகை ஜெனரேட்டருக்கு நாள் கணக்கில் காத்திருந்தோம். ஒருநாள் காலையில் போர்வெல்காரர் தன் வண்டியில் ஜெனரேட்டரைக் கட்டிக்கொண்டு வந்து இறங்கினார். எங்கள் தொட்டி, பக்கத்து வீட்டுத் தொட்டி, தெருத் தொட்டி எல்லாம் நிரம்பும்வரை உட்கார்ந்திருந்தார். டீசல் காசு கொடுத்தேன், வாங்கவில்லை. "நமக்குள்ள நடை இருக்குல்ல" என்றார். என் ஒன்றுவிட்ட தம்பி அன்றைக்குப் பக்கத்துத் தெருவில் தன் ஜெனரேட்டரை மணிக்கணக்கில் வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தான். அவனோடு எனக்கு மூன்று தலைமுறை நடை.

அந்த வருடம் ஆகஸ்டில்தான் வம்பன் நாலு ரோட்டில் ஒரு டீக்கடைக்காரர் கேரள வெள்ளத்துக்காக மொய் விருந்து வைத்தார். டீயைக் குடித்துவிட்டு இஷ்டப்பட்டதைப் போட்டார்கள். மலையாளி யாரும் எங்கள் பக்கம் வந்து திருப்பிச் செய்யப் போவதில்லை என்று தெரிந்துதான் போட்டார்கள். நவம்பரில் புயல் வந்ததும் அதே மனிதர், வாடிக்கையாளர்களின் கடன் நோட்டைத் தள்ளுபடி செய்துவிட்டார். நல்லவேளை, அவர் எழுதியது மொய் நோட்டு இல்லை.

புயலுக்குப் பிறகு மொய் படுத்தது. கொரோனாவில் இன்னும் படுத்தது. திருப்பிப் போடப் பணமில்லாமல், விருந்தன்று கோயிலுக்குப் போகிறேன் என்று கிளம்பிப்போனவர்கள் உண்டு. அதில் ஒருவரை நான் அதே கோயிலில் வைத்துப் பார்த்தேன். நான் ஏன் அங்கே இருந்தேன் என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இப்போது மறுபடி எழுந்து உட்கார்ந்திருக்கிறது. மேசையில் லேப்டாப். பணம் கட்டியதும் செல்போனுக்கு நன்றி வருகிறது. கியூஆர் அட்டை தொங்குகிறது. திருப்பூரில் இருக்கும் மச்சான் அங்கிருந்தே ஜிபே பண்ணிவிட்டு, "கறியைப் பஸ்ல குடுத்து விடு" என்று போன் செய்கிறான்.

போன விருந்தில் அயித்தையும் வந்திருந்தது. எழுபது தாண்டிவிட்டது. மேசைக்குப் போய் வழக்கம்போல, "பேனாவைக் குடு, நானே எழுதுறேன்" என்றது. லேப்டாப் பையன் திருதிருவென்று விழித்தான். பின்னால் வரிசையில் நின்ற ஒருவர், "ஆத்தா, பேரைச் சொல்லிட்டு நகருங்க, மணியாகுதுல்ல" என்றார். அயித்தை பெயரைச் சொன்னது. அவன் தட்டினான். ரசீதில் ஒரு துணைக்கால் விட்டுப்போயிருந்தது. அயித்தை என்னிடம் பேனா வாங்கி, ரசீதை மண்டபத்துத் தூணில் வைத்து அதைத் திருத்திக்கொண்டது.

அடுத்த ஆவணியில் மறுபடி என் முறை. பழைய நோட்டுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்ற ஒரு பையனைப் பிடித்திருக்கிறேன். ‘மேலத்தோட்டம்’ யார், ‘சைக்கிள்’ யார் என்று பெரியவர்களைக் கேட்டுக் கேட்டு இனிஷியல் முதற்கொண்டு கண்டுபிடித்தாயிற்று. குட்டை மச்சானின் பேரன் சிங்கப்பூரில் இருக்கிறான். ஒரே ஒரு வரியில்தான் நிற்கிறது. பெயர், ஊர், செல் நம்பர் மூன்றும் இல்லாமல் மெஷின் ஏற்றுக்கொள்ளாதாம். "இதை விட்ருவோமா சார்? அஞ்சு ரூபாதானே?" என்கிறான் பையன். விட முடியாது, எழுதியாச்சு.

எனவே, 1992 ஆவணியில் கீரமங்கலம் பக்கம் ஒரு வீட்டு வாசலில் மழைக்கு ஒதுங்கி, டீ குடித்து, ஐந்து ரூபாய் மொய் எழுதிய ஐயா, நீங்களோ உங்கள் பிள்ளைகளோ இதைப் படித்தால் தயவுசெய்து ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்கள். பத்திரிகை அனுப்ப விலாசம் வேண்டும்.