யாரு படுக்குறது தாயி?

வருஷத்துக்கு ஒரு தடவை, சித்திரை வாக்கில், போடியில் எங்கள் வீட்டு முற்றத்துக்கு மெத்தை தைக்கிற ராவுத்தர் வருவார். இலவங்காய் வெடித்து, புதுப் பஞ்சு விலைக்கு வரும் சமயம் அது. போடிநாயக்கனூர்ப் பக்கம் மலையடிவாரத்தில் இலவ மரங்களுக்குக் குறைவில்லை. ஊரில் பாதிப் பேருக்குப் பஞ்சோடு ஏதோ ஒரு தொடர்பு இருக்கும்.

பழைய மெத்தையின் ஒரு ஓரத்தைப் பிரித்து, உள்ளே கட்டிதட்டிக் கிடக்கும் பஞ்சை வெயிலில் கொட்டி, மூங்கில் கம்பால் அடிப்பார். முற்றம் முழுக்கப் பஞ்சு பறக்கும். நாங்கள் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு திண்ணையில் இருந்து பார்ப்போம். மதியத்துக்குள் அழுக்குக் கட்டியாகக் கிடந்த பஞ்சு, குவியலாகப் பொங்கி நிற்கும். அதற்குப் பிறகுதான் அவருடைய உண்மையான வேலை. உறையை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு அம்மாவைப் பார்த்துக் கேட்பார்:

"இது யாரு படுக்குறது தாயி?"

அப்பா என்றால் ஒரு மாதிரி. அப்பா கனத்த உடம்பு, மல்லாந்து படுப்பவர். இடுப்பு விழும் இடத்தில் இரண்டு பிடி கூடுதலாகத் திணித்து, முஷ்டியால் குத்திப் பார்ப்பார். பாட்டி என்றால் வேறு. பாட்டி ஒருக்களித்தே படுப்பவள். தோள் பக்கத்தைக் கொஞ்சம் தளர விடுவார். பிறகு பஞ்சு நகராமல் இருக்கக் கோணி ஊசியால் குத்தி இழுத்து, முழத்துக்கு ஒரு முடிச்சு. போகும்போது சொல்வார்: "பத்து நாள் படுத்துப் பாருங்க. இறுக்கமாத் தெரிஞ்சா ஒரு பக்கம் பிரிச்சு எடுத்துரலாம்."

பிரிக்கலாம், எடுக்கலாம், சேர்க்கலாம். மெத்தை என்றால் அப்படித்தான் என்று நினைத்து வளர்ந்தவள் நான்.

2019-இல் சென்னையில் வீடு மாறியபோது புது மெத்தை வாங்கினோம். கடையில் கட்டிலின் நீள அகலம் கேட்டார்கள், எவ்வளவுக்குள் வேண்டும் என்று கேட்டார்கள். யார் படுப்பது என்று ஒருவரும் கேட்கவில்லை. "முதுகுக்குக் கட்டி மெத்தைதான் மேடம் நல்லது, இது ஆர்த்தோ" என்றார் கடைப் பையன். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. தரையில் பாய் விரித்துப் படுத்தால் முதுகு நேராகும் என்று நம் வீடுகளில் சொல்லாதவர் யார்? 8 அங்குல மெத்தை, பத்து வருஷ வாரண்டி.

ஆறு மாதத்துக்குள் விடியற்காலை நாலரை மணிக்கு முதுகு என்னை எழுப்ப ஆரம்பித்தது. அடுக்களை மேடையைப் பிடித்துக்கொண்டுதான் பால் காய்ச்சுவேன். எட்டு மணிக்கெல்லாம் வலி விட்டுப்போகும், மறுநாள் நாலரைக்குத் திரும்ப வரும். எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை. "வயசாச்சுல்ல" என்றார்கள் எல்லோரும். நானும் அதை நம்பி ஒன்றரை வருஷம் மாத்திரை விழுங்கினேன் என்பதுதான் இன்றைக்கும் என் வருத்தம். படுக்கும்போது வந்து நடந்தால் போகிற வலிக்கு, படுக்கையைச் சந்தேகிக்காமல் உடம்பைச் சந்தேகித்தேன்.

கடைசியில் ஒரு பிசியோதெரபிஸ்ட் அம்மாவிடம் போனேன். குனியச் சொன்னார், காலைத் தூக்கச் சொன்னார். பிறகு சாதாரணமாகக் கேட்டார்: "எப்படிம்மா படுப்பீங்க? மல்லாந்தா, ஒருக்களிச்சா?" எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. நாற்பது வருஷத்துக்குப் பிறகு அந்தக் கேள்வியைக் கேட்கிறேன்.

கட்டி மெத்தைதான் மருந்து என்பது எவ்வளவு தவறு என்று அவர்தான் சொன்னார். அதற்கு அவர் காட்டியது 2003-இல் 'லான்செட்' மருத்துவ இதழில் வந்த ஒரு ஸ்பெயின் ஆய்வு. நாள்பட்ட இடுப்பு வலி உள்ள 313 பேரில் ஒரு பகுதியினருக்குக் கட்டியான மெத்தை, மற்றவர்களுக்கு நடுத்தரக் கட்டி மெத்தை கொடுத்து 90 நாள் பார்த்தார்கள். படுக்கையில் வரும் வலி, எழும்போது வரும் வலி, அன்றாட வேலைக்கு வரும் தடை மூன்றிலும் நடுத்தரக் கட்டியில் படுத்தவர்களே அதிகம் தேறினார்கள்.

வீட்டுக்கு வந்து மெத்தை உறையின் ஜிப்பைத் திறந்தேன். அதுவரை அது திறக்கும் என்றே தோன்றியதில்லை. அடியில் 4 அங்குலம் ரப்பர் சேர்த்த தென்னை நார். அதன்மேல் 3 அங்குலம் ரீபாண்டட், அதாவது ஃபோம் துண்டுகளை அழுத்தி ஒட்டிய பலகை. உச்சியில் ஒரு அங்குலம் மெத்தென்ற ஃபோம். 58 கிலோ எடையில் ஒருக்களித்துப் படுக்கிற எனக்கு அமுங்கிக் கொடுப்பது அந்த ஒரே ஒரு அங்குலம்தான்.

எங்கே கோளாறு என்று காட்டிக் கொடுத்தது என் மகள். நான் ஒருக்களித்துப் படுத்திருக்க, பிடரியில் இருந்து இடுப்பெலும்பு வரை முதுகுத்தண்டின் மேல் ஏழு ஸ்டிக்கர் பொட்டுகளை ஒட்டி போனில் படம் எடுத்தாள். பொட்டுகள் நேர்கோட்டில் இல்லை. தோளும் இடுப்பெலும்பும் மேடேறி நிற்க, இடைப்பகுதி தாங்கலின்றித் தொய்ந்து கிடந்தது. இரவு முழுக்க என் முதுகு அப்படித் தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது.

முதலில் அவசரப்பட்டு 2 அங்குல மெமரி ஃபோம் ஒன்று வாங்கி மேலே போட்டேன். 1966-இல் நாசாவுக்காக விமான இருக்கைக்கென்று உருவாக்கிய பொருள் அது. உடம்புச் சூட்டில் இளகும். மூன்று நாள் சொர்க்கம். ஏசி போட்டால் இறுகுவதும், சென்னையின் மே மாதத்தில் மின்சாரம் போனால் குழைவதுமாக இருந்தது. மறுபடி பொட்டு வைத்துப் பார்த்தோம்: இப்போது இடுப்பு புதைந்து, கோடு கீழ்நோக்கிச் சரிந்திருந்தது. வலி போகவில்லை, இடம் மாறியிருந்தது.

பிறகுதான் அதை எடுத்துவிட்டு, பக்கத்துத் தெருவில் மெத்தை தைக்கும் கடைக்காரரை அழைத்து வந்தேன். என் கணவர் 86 கிலோ. இருவருக்கும் ஒரே மெத்தை எப்படிப் பொருந்தும்? மெத்தையை நடுவே அறுத்து இரண்டு தனி உறை தைத்தார். கணவர் பக்கம் அப்படியே இருக்கட்டும் என்றோம். அவருக்கு அது பொருந்தியிருந்தது. என் பக்கத்தில் ரீபாண்டடை 1 அங்குலமாகக் குறைத்து, மிச்சமான இடத்தில் 2 அங்குல லேடெக்ஸ் ஃபோம் வைத்தார். உயரம் சமமாக நின்றது. மகள் மறுபடி பொட்டு வைத்தாள். ஏழும் நூல் பிடித்தது போல் நின்றன.

அந்தக் கடைக்காரரிடம் இன்னொன்றும் தெரிந்துகொண்டேன். கடைகளில் 32, 40 என்று சொல்லும் டென்சிட்டி, ஒரு கன மீட்டர் ஃபோமின் எடை. 40 என்றால் 40 கிலோ. அது எத்தனை காலம் உழைக்கும் என்பதற்கான கணக்கு. கட்டியா மெத்தா என்பது வேறு. எண் கூடினால் முதுகுக்கு நல்லது என்று நினைத்துப் பணம் கொடுப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

மூன்றாவது வாரம் ஒரு நாள் கண் விழித்தபோது ஜன்னலில் வெயில் அடித்திருந்தது. மணி ஆறே கால். பிசியோ அம்மா சொன்ன பயிற்சியை ஒரு நாளும் விடாமல் செய்ததற்கும் இதில் பங்கு உண்டு. மெத்தை மட்டும் செய்த வேலை என்று சொல்ல மாட்டேன்.

செலவு செய்யும் முன் சிலவற்றைப் பாருங்கள். மெத்தையை நாலு நாள் தரையில் போட்டுப் படுங்கள்; வலி குறைந்தால் குற்றம் கட்டில் பலகையில். மல்லாந்து படுத்து இடுப்புக்கு அடியில் கையை விடுங்கள். கை தாராளமாகப் போய் வந்தால் மெத்தை அதிகக் கட்டி, நுழையவே இடமில்லை என்றால் அதிக மெத்து. ஒரு தடவைக்கு ஒரு அடுக்கை மட்டும் மாற்றி, ஒரு வாரமாவது பொறுங்கள். ஜிப்பைத் திறந்தால் வாரண்டி போகுமா என்று முதலில் படித்துவிடுங்கள். கால் மரத்துப்போனாலோ, சிறுநீர் கட்டுப்படாமல் போனாலோ மெத்தையைத் தொட வேண்டாம். அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள்.

உங்கள் வீட்டில் காலையில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கிற அம்மாவோ அப்பாவோ இருப்பார்கள். வயசாச்சு என்று சொல்வதற்கு முன்னால், எப்படிப் படுக்கிறார்கள் என்று இன்றைக்கு இரவே கேட்டுவிடுங்கள்.