இரண்டை ஆறாக்கல்: பெங்களூரு ஒற்றைப் படுக்கையறை வீடுகளில் 5.1 ஒலிமாற்றம் குறித்த ஓர் ஆய்வு

காணொளிக் கோப்பின் ஒலியைப் பிரித்தெடுத்து, ஆறு தடங்கள் கொண்ட சரவுண்ட் வடிவத்திற்கு மாற்றும் வழக்கம், பெங்களூரின் மாரத்தஹள்ளி, பி.டி.எம். லேஅவுட் முதலிய பகுதிகளில் பத்து மாத வாடகையை முன்பணமாகக் கட்டிக் குடியேறிய தமிழ்ப் பொறியாளர்களிடையே வார இறுதிச் சடங்காக நிலைபெற்றுள்ளது. இதன் நோக்கம் நல்லொலி கேட்டல் என்பர். அக்கருத்து மேலோட்டமானது என நிறுவுவதே இக்கட்டுரையின் பொருள்.

5.1 என்பது முன் இடம், முன் வலம், நடு, பின் இடம், பின் வலம் என்னும் ஐந்து முழுத் தடங்களையும், 120 ஹெர்ட்ஸுக்குக் கீழ்ப்பட்ட உறுமல்களுக்கென ஒதுக்கிய ஒரு தடத்தையும் குறிக்கும். எஸ்.பி. ரோட்டில் வாங்கி ஆட்டோவில் ஏற்றிவரும் பெட்டிகளுள் மிகப் பெரியதான சப்வூஃபர், கணக்கில் மட்டும் பத்தில் ஒன்றாக எண்ணப்படுகிறது. அதன் அலைவரிசைப் பரப்பு குறுகியது என்பதே காரணமாயினும், அவ்விளக்கம் ஆட்டோக்காரரிடம் செல்லாது.

ஒலிமாற்றம் மூவகைப்படும். முதலாவது உரிய மாற்றம்: கோப்பில் ஏஏசி வடிவில் ஆறு தடங்கள் இருந்தும், ஆப்டிக்கல் கேபிள் சுருக்காத ஒலியில் இரண்டை மட்டுமே சுமக்க வல்லது ஆதலால், ஆறையும் நொடிக்கு 640 கிலோபிட் வரை செல்லும் ஏசி-3 என்னும் டால்பி வடிவில் சுருக்கி அனுப்புதல். இரண்டாவது வெற்று மாற்றம்: ஸ்டீரியோக் கோப்பை எஃப்எஃப்எம்பெக் என்னும் இலவச மென்பொருளிடம் தந்து, தடங்கள் ஆறாகுக எனக் கட்டளையிட, அது முன்னிரண்டில் பழைய ஒலியை வைத்து, மீதி நான்கில் மௌனத்தைப் பதிந்து தருதல். மூன்றாவது கற்பித மாற்றம்: இடத்திற்கும் வலத்திற்கும் பொதுவானதை நடுவுக்கும், வேறுபட்டதைப் பின்னுக்கும் அனுப்புதல். 1964இல் வெளிவந்த ‘கர்ணன்’ போன்ற மோனோ காலத்துப் படத்தில் இடத்திலிருந்து வலத்தைக் கழித்தால் எஞ்சுவது சுழியமே. 2012இல் அப்படம் மீண்டும் திரைக்கு வருமுன் அதன் ஒலியைத் தனியே உழைத்துப் புதுப்பிக்க வேண்டியிருந்தது.

இனி இடவியல். பின் ஸ்பீக்கர்கள் கேட்பவருக்கு நேர்முன்னிருந்து இருபுறமும் 100 முதல் 120 பாகைக்குள் அமைய வேண்டும் என்பது பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை. சோபா சுவரோடு ஒட்டிக் கிடக்கும் கூடத்தில் அக்கோணத்தின் ஒருமுனை பால்கனி வாஷிங்மெஷின் மீதும் மறுமுனை சமையலறை மேடை மீதும் விழுவதால், வில்லன் பின்னாலிருந்து பதுங்கி வருவது தோசை வார்ப்பவருக்கு மட்டுமே தெரியவருகிறது.

காலமும் துணைசெய்வதில்லை. ஒலி மாசு விதிகள், 2000 குடியிருப்புப் பகுதிக்கு இரவு 10 மணிக்குமேல் விதிக்கும் வரம்பு 45 டெசிபல். மாடியில் குடியிருக்கும் வீட்டுக்காரர் விதிக்கும் வரம்பு அதனினும் குறைவு. ஒலியளவு தாழத் தாழ, மனிதச் செவி அடித்தள ஒலிகளையே முதலில் கைவிடுகிறது என்பதால், அந்தப் பத்தில் ஒன்றும் கணக்கிலிருந்து நீங்குகிறது.

அஃதேல், மாற்றுநர் இரவெல்லாம் விழித்து அடையும் பயன் யாதெனின், ஒலியைப் பெற்று ஸ்பீக்கர்களுக்குப் பகிரும் ரிசீவர் பெட்டியின் முகப்பில் ‘டால்பி டிஜிட்டல்’ என்னும் எழுத்து ஒளிர்தலே என்க. ஏசி-3 வடிவில் அனுப்பினால் மேற்சொன்ன மூவகைக்கும், நான்கு தடங்கள் மௌனமாய் இருக்கும் வெற்று மாற்றத்திற்கும்கூட, அவ்வெழுத்து ஒரே பொலிவோடு ஒளிர்கிறது. விருந்தினர் முதலில் பார்ப்பதும் அதையே. ஆகவே சரவுண்ட் ஒலி கண்ணுக்குரிய புலனுகர்ச்சி என்பது பெறப்படும்.

அங்ஙனமாயின் கோப்பின் பெயரில் 5.1 எனச் சேர்த்தெழுதி உறங்கப் போகலாமே எனின், ஆகாது: விருந்தினர் பெயரை நம்புவர், பெட்டியோ கோப்பின் உள்ளே பதிந்த தரவைப் படித்தறிந்த பின்னரே விளக்கேற்றும். இவ்வீடுகளில் எதையும் சரிபார்த்த பின்னரே ஏற்றுக்கொள்ளும் உறுப்பினர் அப்பெட்டி ஒன்றே.