ஏரியா பக்தி

கேள்வி: உலக 'பூல்' ஆட்டத்தில் பிலிப்பைன்ஸ்காரர்கள் கொடிகட்டிப் பறக்கிறார்கள், அவர்களின் ரசிகர்கள் நாட்டுப்பற்றில் உருகுகிறார்கள். நமக்கு அப்படி ஓர் ஆட்டம் உண்டா?
- வாசகர், ராயபுரம்

பதில்: ராயபுரத்தில் உட்கார்ந்துகொண்டு கேட்கிற கேள்வியா இது? மணிலாவில் உறவினரின் பூல் கூடத்தில் வளர்ந்து, அந்த மேசையிலேயே படுத்துத் தூங்கிய எஃப்ரன் ரெயஸ் 1999இல் உலக சாம்பியன் ஆனார். நம் பக்கத்துக்கு அவ்வளவு பெரிய மேசை வேண்டாம். கேரம் போர்டு, கொஞ்சம் பவுடர், தலைக்கு மேல் ஒரு பல்பு!

கேரமில் மரிய இருதயம் 1991, 1995 என இரண்டு முறை உலகப் பட்டம் வென்றவர். 1996இல் அர்ஜுனா விருது. 2008இல் வியாசர்பாடி இளவழகி உலக சாம்பியன். 2024 நவம்பரில், அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில், புதுவண்ணாரப்பேட்டை செரியன் நகர் காசிமா ஒற்றையர், இரட்டையர், குழு என மூன்று தங்கங்களை அள்ளினார். அப்பா ஆட்டோ ஓட்டுநர், அவரே பயிற்சியாளரும்.

நாட்டுப்பற்றுக்குத்தான் இதில் சிக்கல். உலக இறுதி ஆட்டத்தில் எதிரெதிரே இரண்டு இந்தியர்கள் உட்காருவது சகஜம். யாருக்குக் கைதட்ட? அங்கேதான் ஏரியா பக்தி விழித்துக்கொள்கிறது. வியாசர்பாடியா, வண்ணாரப்பேட்டையா? 2012இல் ஆண்கள் பட்டத்தை இலங்கையின் நிசாந்த பெர்னாண்டோ தட்டிச் சென்றபோது, கிரிக்கெட் தோல்விக்கு டிவியை உடைக்கிறவர்கள்கூட அசையவில்லை. பாவம், அவர்களுக்குச் சேதியே தெரியாது!

ஒரு விஷயத்தில் மணிலாவும் நாமும் ஒரே கட்சி: பூலும் ஒலிம்பிக்கில் இல்லை, கேரமும் இல்லை.